பாகத்திற்கு முன்னால் வண்டியைப் பாருங்கள்

பழைய கார்களைப் பிரித்து விற்கும் யார்டுகளுக்கு உதிரிபாகம் தேடிச் செல்பவர்கள் பெரும்பாலும் வேண்டிய பாகத்தின் பெயரைச் சொல்லி, கடைக்காரர் எடுத்துத் தருவதைப் புரட்டிப் பார்த்து, விரிசலும் துருவும் கண்ணில் படவில்லையென்றால் வாங்கி வந்துவிடுகிறார்கள். என் வழக்கம் வேறு. அந்தப் பாகம் எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டி எதனால் யார்டுக்கு வந்தது என்ற இரண்டையும் அறிந்த பிறகே பாகத்தைச் சோதிக்கத் தொடங்குகிறேன். ஆகவே, முடிந்தவரை, இன்னும் கழற்றப்படாமல் வண்டியிலேயே இருக்கும் பாகத்தைத் தேடுகிறேன். அலமாரியில் துடைத்து வைக்கப்பட்ட, பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்நேட்டரைப் பார்த்து அதன் வயதைக்கூடச் சொல்ல முடியாது. ஆனால் அது பொருத்தப்பட்டிருந்த வண்டியின் ஓடோமீட்டர், என்ஜின் ஆயில், பெல்ட்டின் தேய்மானம், பிரேக் மிதியின் ரப்பர் ஆகியவற்றைப் பார்த்தால், அந்த வண்டி எவ்வளவு ஓடியது, எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பது ஓரளவு விளங்கிவிடும்.

உதிரிபாகம் வாங்குபவருக்கு விபத்தில் சிக்கி வந்த வண்டியே மிகவும் நல்லது என்பது என் கருத்து. அந்த விபத்தில் யாரேனும் காயப்பட்டிருக்கலாம் என்பதால் இதைச் சொல்வதற்கு மனம் சற்றுக் கூசுகிறது. ஆயினும் மோதிய நொடி வரை அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. பின்னாலிருந்து இடிபட்ட காரில் என்ஜின், ரேடியேட்டர், ஹெட்லைட், பானெட் எல்லாம் பழுதின்றிக் கிடைக்க வாய்ப்புண்டு. முன்பக்கம் நொறுங்கிய காரில் பின்கதவுகளும் டிக்கியும் டெயில் லைட்டும் அப்படியே இருக்கும். இடிபட்ட பக்கத்துச் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்களை மட்டும் நான் தொடுவதே இல்லை, ஏனென்றால் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் தண்டுகளில் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்திருந்தாலே போதும், வீல் அலைன்மென்ட் எத்தனை முறை செய்தாலும் நிற்காது. வயதாகி ஓய்ந்துபோய் வந்த வண்டியில் கதவு, கண்ணாடி, இருக்கை போன்றவற்றை வாங்கலாம். அதன் என்ஜினையும் கியர்பாக்ஸையும் பற்றி ஆசை வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைப் பற்றித்தான் அதிகம் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வெளியே கழுவித் துடைத்துவிட்டால் அது விபத்து வண்டியைவிட அழகாகத் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று பொருள். இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல், ஹெட்லைட்டுக்குள் நீர் நின்ற கோடு, ஒயர் இணைப்புகளைப் பிரித்தால் செம்பின் மேல் பச்சைப் படலம் ஆகியவையும் அதே கதையைச் சொல்கின்றன. இத்தகைய வண்டியிலிருந்து மின்சாரம் ஓடும் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். அது பொருத்திய அன்றே நின்றுவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். சில மாதங்கள் கழித்து, காரணம் புரியாமல், அவ்வப்போது நின்று நின்று வேலை செய்யும்போது யாரிடம் போய்க் கேட்பது?

வண்டி தேறிவிட்டால் அடுத்து வருவது பொருத்தம். ஒரே பெயர், ஒரே ஆண்டு என்பதால் பாகமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணக்கூடாது. தயாரிப்பாளர்கள் ஆண்டின் நடுவிலேயே பாகங்களை மாற்றுவதுண்டு. எனவே பாகத்தின் மேல் அச்சிட்டோ வார்த்தோ இருக்கும் எண்ணையும், வண்டியின் 17 இடங்கள் கொண்ட சேசிஸ் எண்ணையும் குறித்துக்கொண்டு ஒப்பிட வேண்டும். சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் வருவதே இல்லை. ஓ என்று நீங்கள் எழுதிக்கொண்டது உண்மையில் பூஜ்யம்தான். இன்னொரு பக்கம், வேறு பெயர் கொண்ட வண்டியின் பாகம் அச்சாகப் பொருந்துவதும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் போலோவும் ஸ்கோடா ஃபேபியாவும் ஒரே குடும்பம் என்பதால் பல பாகங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இவ்வாறு உறவுள்ள மாடல்கள் எவை என்று தெரிந்து செல்பவருக்கு யார்டில் தேடும் பரப்பே பெரிதாகிவிடும். பழுதான பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்வதும் நல்லது. இணைப்பியில் எத்தனை ஊசிகள் இருக்கின்றன, போல்ட் துளைகள் எங்கெங்கே உள்ளன என்பவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ஈடாக எந்தப் பட்டியலும் இல்லை.

என்ஜின் வாங்குவதானால் அவசரமே கூடாது. ஆயில் மூடியின் உட்புறத்தில் வெளிறிய பழுப்புக் கூழ் படிந்திருந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலோடு கலந்திருக்கலாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்: இளம்பழுப்பு நிறம் நல்ல எரிப்பைக் காட்டும், எண்ணெய் பிசுபிசுக்கும் கறுப்பு ஆயில் எரிவதைக் காட்டும், வெளுத்துப்போன வெள்ளை அதிக வெப்பத்தைக் காட்டும். என்ஜினின் பெல்ட்டை ஓட்டும் சக்கரமான கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, பிளக்குகள் இல்லாத நிலையில், என்ஜினை முழுச் சுற்றாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்கேனும் முட்டி நின்றால் அங்கேயே விட்டுவிடலாம். ஒவ்வொரு சிலிண்டரிலும் உருவாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை செய்ய வசதியிருந்தால் சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடு ஏறக்குறைய 10 சதவீதத்திற்குள் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். அந்த என்ஜின் யார்டில் எப்படிக் கிடந்தது என்பதும் முக்கியம். நன்றாக ஓடிய என்ஜின்கூட, பிளக் துளைகள் திறந்தபடி மழையில் கிடந்தால் சிலிண்டர் சுவர் துருவேறிக் கெட்டுவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் அதன் எண்ணெயை ஒரு சொட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள். கறுத்துக் கருகிய வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் எரிந்திருக்கின்றன.

ஆல்டர்நேட்டரையும் செல்ப் மோட்டாரையும் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். நல்ல கடைக்காரர் தாமாகவே செய்து காட்டுவார். பொதுவாக 12 வோல்ட் அமைப்பில் ஆல்டர்நேட்டர் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை தர வேண்டும். என்ஜினை நடத்தும் கணினிப் பெட்டியின் விஷயம் வேறு. பல வண்டிகளில் அது திருட்டுத் தடுப்பு அமைப்போடும் சாவியோடும் பிணைக்கப்பட்டிருப்பதால், சாவியையும் சேர்த்து ஒரே தொகுப்பாக வாங்க முடியவில்லையென்றால், அதை உங்கள் வண்டிக்கு மறுபடி பதிவுசெய்து தர ஆள் இருக்கிறாரா என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் வாங்காதவை சில உண்டு. ஏர்பேக் அவற்றில் முதலாவது. டகாடா நிறுவனத்தின் இன்ஃப்ளேட்டர்களில், அதாவது ஏர்பேக்கை ஊதி விரிக்கும் பகுதிகளில், இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடித்து உயிர்களைப் பறித்ததால், உலகெங்கும் கோடிக்கணக்கில் அவை திரும்பப் பெறப்பட்டன. அப்படித் திரும்பப் பெறப்படாமல் தப்பிய ஒன்று யார்டுக்கு வந்த வண்டியில் இருக்கவும் கூடும். விபத்தில் ஒருமுறை இழுபட்ட சீட் பெல்ட்டும் அவ்வாறே; அதை இறுக்கும் வெடிமருந்து ஒரே ஒரு முறை வேலை செய்வதற்காக வைக்கப்பட்டது. பிரேக் பேட், பிரேக் ஹோஸ், டைமிங் பெல்ட் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் 2319 என்றிருந்தால் அது 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பள்ளங்கள் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ரப்பரின் வயதை அந்த நான்கு இலக்கங்களே சொல்லும்.

பில் வாங்காமல் யார்டை விட்டு வெளியே வராதீர்கள். அந்தப் பில்லில் பாகத்தின் பெயரோடு அது கழற்றப்பட்ட வண்டியின் சேசிஸ் எண்ணும் இருக்க வேண்டும் என்று நான் கேட்டு எழுதி வாங்குகிறேன். திருட்டு வண்டியின் பாகம் அல்ல என்பதற்கு அதுவே சான்று. எண்ணைத் தர மறுப்பவரிடம் நான் எதையும் வாங்குவதில்லை. எத்தனை நாட்களுக்குள் திருப்பித் தரலாம், பணம் கிடைக்குமா அல்லது வேறு பாகம்தான் தருவார்களா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பாகத்தின் மேல் கடைக்காரர் பெயின்ட் பேனாவால் ஓர் அடையாளம் இடுவது வழக்கம். வேறொரு பழுதான பாகத்தைத் திருப்பிக் கொடுத்து ஏமாற்றாமல் இருக்க அவர் செய்துகொள்ளும் பாதுகாப்பு அது, ஆகவே பொருத்தும்போது அதை அழித்துவிடாதீர்கள். வாங்கியது என்ஜினாக இருந்தால், அது வெளியே இருக்கும்போதே கிராங்க் ஆயில் சீல்களையும் வாட்டர் பம்பையும் டைமிங் பெல்ட்டையும் புதிதாக மாற்றிவிட்டு வண்டியில் ஏற்றுமாறு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். அவற்றின் விலை குறைவு. பின்னர் அவற்றுக்காகவே என்ஜினைத் திரும்ப இறக்குவதற்கு ஆகும் கூலிதான் அதிகம்.