எண்ணெய் வைக்காத தலை: வேலூரில் சடை போட்ட நாட்குறிப்பு

ஜனவரி 17

பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்தாயிற்று. வேலூரில் சடை (பின்னல் இல்லை, முடியைச் சிக்காக்கிக் கயிறு போல ஆக்கும் டிரெட்லாக்ஸ்) போட இதைவிட நல்ல மாதம் கிடையாது. வியர்வை குறைவு, காற்று வறண்டிருக்கும். கத்திரி வெயில் வருவதற்குள் மூன்று மாதத்துக்கு மேல் கையில் இருக்கிறது.

குளிக்காமல் கிடந்தால் முடி தானாகச் சடையாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர் எதிர். எண்ணெய்ப் பிசுக்குள்ள முடி ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும், சிக்குப் பிடிக்காது. சுத்தமான, கொஞ்சம் சொரசொரப்பான முடிதான் பின்னிக்கொள்ளும். ஆகவே தேங்காய் எண்ணெய், கண்டிஷனர் இரண்டையும் நிறுத்தி இன்றோடு பத்து நாள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் மொத்த வேலையிலும் கஷ்டமான கட்டம் இதுதான்.

சீயக்காயும் அரப்பும் வேண்டாம். தூள் உள்ளே தங்கினால் பிறகு எடுக்கவே முடியாது. பூந்திக்கொட்டை சரி: கொட்டை நீக்கிய தோல் 10, அரை லிட்டர் தண்ணீரில் இரவு ஊறி, காலையில் ஒரு கொதி, துணியில் இரண்டு முறை வடிகட்டல். கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. அது தோதுப்படாதவர்கள், தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும் சாதாரண ஷாம்பு எடுத்துக்கொள்ளலாம்.

ஜனவரி 18

சாமான்கள்: பல் நெருக்கமான ஸ்டீல் பேன் சீப்பு, வகிடு எடுக்க வால் சீப்பு, கிளிப் பத்து, சின்ன ரப்பர் பேண்ட் நூறு, 0.75 மி.மீ. குரோஷே ஊசி (நுனியில் கொக்கி உள்ள பின்னல் ஊசி), கண்ணாடி இரண்டு. பிளாஸ்டிக் பேன் சீப்பு நாலு சடை போடுவதற்குள் பல் உதிர்ந்துவிடும். லாங் பஜார் ஃபேன்சி கடைகளில் குரோஷே ஊசி கேட்டால் பெரும்பாலும் ஸ்வெட்டர் பின்னுகிற தடி ஊசியைத்தான் நீட்டுவார்கள். லேஸ் பின்னும் மெல்லிய ஊசி என்று கேட்க வேண்டும்.

இன்று வகிடு மட்டும். பிடரியில் தொடங்கி மேலே, 2.5 செ.மீ. சதுரங்கள். செங்கல் அடுக்குகிற மாதிரி, கீழ் வரிசையில் இரண்டு கட்டம் சேரும் இடத்துக்கு நேர் மேலே அடுத்த கட்டத்தின் நடு வரவேண்டும். நேராக அடுக்கினால் வழுக்கைக் கோடு போல மண்டை தெரியும். மொத்தம் 48 கட்டம். பின்மண்டையைத் தானே பிரித்தால் கோணல் நிச்சயம், அதற்கு மட்டும் இன்னொருவர் கை வேண்டும்.

ஜனவரி 19

பின்வாரல், அதாவது முடியை வேர்ப்பக்கமாகத் தள்ளிச் சீவிச் சிக்காக்குதல். 15 செ.மீ.க்குக் குறைவான முடியில் இது நிற்பது கஷ்டம். இந்தத் தலையில் 28 இருக்கிறது.

ஒரு கட்டத்து முடியை மண்டைக்குச் செங்குத்தாக, விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். வேரிலிருந்து 2 செ.மீ. தள்ளிச் சீப்பை நுழைத்து, மண்டையை நோக்கிச் சின்னச் சின்னத் தள்ளல். ஒவ்வொரு தள்ளலுக்கும் சில இழைகள் மட்டும் சுருண்டு அடியில் போய் உட்காரும். இலவம் பஞ்சைத் தலையணை உறையில் திணிக்கிற வேலைதான்: மூலையை இறுக்கிய பிறகே மேலே போக வேண்டும். நாலு தள்ளலுக்கு ஒருமுறை பிடியைக் கால் சுற்று திருப்பினால் சடை உருண்டையாக வரும், இல்லாவிட்டால் பட்டையாகிவிடும். அடி இறுகியதும் ஒரு செ.மீ. மேலேறி மறுபடி அதே.

அவசரப்பட்டு ஒரே தள்ளலில் நிறைய முடியை இறக்கினால் நடுவில் நெல்லிக்காய் மாதிரி முண்டு விழும், அதன் கீழே வெற்றிடம். விரலால் அழுத்தினால் தெரிந்துவிடும். நல்ல சடை கயிறு போலத் திமிறும், முண்டு பஞ்சு மிட்டாய் மாதிரி அமுங்கும். அமுங்கினால் அந்த இடத்தை அவிழ்த்து மறுபடி போடுவதே மேல்.

சடைக்கு 15 நிமிடம் என்றால் 48க்கு 12 மணி நேரம். இன்று 26 முடிந்தது, தோள் கழன்றது.

ஜனவரி 20

மீதி 22. நுனியில் 2 செ.மீ. சும்மா விட்டாயிற்று, அது பிறகு தானே உருளும். வேரிலும் நுனியிலும் ரப்பர் பேண்ட், ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் விடக்கூடாது. ரப்பர் உளுத்து முடிக்குள் புதைந்துவிடும். வேரில் சின்னச் சின்னக் கொப்புளம் வந்தால் இழுவை அதிகம், அன்றே தளர்த்த வேண்டும். நாள்பட்ட இழுவையில் அந்த இடத்து முடியே போய்விடும்.

மெழுகு தடவச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். அது கழுவினால் போகாது. தூசியையும் ஈரத்தையும் உள்ளே பூட்டி வைக்கும்.

ஜனவரி 31

முதல் குளியல். தேய்க்காமல் மண்டைத்தோலில் மட்டும் விரல் நுனி, நுரை சடை வழியாக வழிந்தால் போதும். போர் தண்ணீரில் சோப்புப் போட்டால் சுண்ணாம்போடு சேர்ந்து வெள்ளைத் திரிதிரியாகச் சடைக்குள் தங்கும், சோப்பே ஆகாது. கடைசி அலசல் இரண்டு லிட்டர் கேன் தண்ணீரில். மாதம் ஒருமுறை அதில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால் உப்புப் படிவு கரையும்.

எட்டு சடை வேரில் தளர்ந்துவிட்டது. இது எல்லோருக்கும் நடக்கும். சுருளில்லாத நேர் முடிக்கு இன்னும் அதிகம்.

மார்ச் 2

ரப்பர் எல்லாம் போன மாதமே எடுத்தாயிற்று. வெளியே நீட்டிய முடிக்குக் குரோஷே ஊசி: சடைக்குள் குத்தி, மறுபக்க இழையைக் கொக்கியில் பிடித்து, உள்ளே இழுத்து விடுதல். ஒரே துளையில் திரும்பத் திரும்பக் குத்தினால் முடி அறுந்து அந்த இடம் மெலியும். நீளம் 28லிருந்து 20 ஆகிவிட்டது. முடி கொட்டவில்லை, சுருண்டிருக்கிறது. தினமும் சாதாரணமாக உதிரும் 50 முதல் 100 முடியும் இனி கீழே விழாமல் உள்ளேயே சேரும்.

மே 10

கத்திரி. வியர்வை உப்பில் அரிப்பு. கற்றாழைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து வடிகட்டி, மண்டைத்தோலில் மட்டும் தெளிக்கலாம். ஹெல்மெட் பிடரிச் சடைகளைப் பட்டையாக்குகிறது, இரவில் உள்ளங்கையில் உருட்டினால் சரியாகும். ஈரத்தலையோடு ஹெல்மெட் போட்டால் மட்டும் அன்று மாலையே வாடை.

புது வேர் 4 செ.மீ. வளர்ந்திருக்கிறது. சடை நுனியை வேருக்குள் நுழைத்து இறுக்கும் குறுக்குவழி வேண்டாம், வேரில் ஓட்டை விழுந்து சடை இரண்டாகப் பிளக்கும். விரல் நுனியால் ஒரே திசையில் வட்டமாகத் தேய்த்து, மிச்சத்தை ஊசியால் உள்ளே இழுப்பதே வழி.

அக்டோபர் 26

வடகிழக்குப் பருவமழை. மே மாதம் மொட்டைமாடியில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்த சடை இப்போது ஃபேனுக்குக் கீழே அரை நாள் கேட்கிறது. தலைக்குக் குளியல் காலை பத்துக்குள், வாரம் ஒன்று. பழைய வேட்டியால் ஒவ்வொரு சடையையும் வேரிலிருந்து நுனிவரை பிழிய வேண்டும். புதுத் துண்டு என்றால் பஞ்சு ஒட்டும். படுக்கும் முன் தடித்த சடையின் நடுவை டிஷ்யூவில் அழுத்திப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் தலையணை இல்லை, ஃபேன்தான்.