எல்.ஐ.சி. கட்டடமும் ஒரு வங்கி நிறுவனரும்

அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தைத் தொடங்கியது எல்.ஐ.சி. அல்ல. 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார், தமது யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக எழுப்பத் தொடங்கிய தலைமையகம் அது. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. பாதி வேலையோடு கட்டடம் எல்.ஐ.சி. கைக்கு வந்தது.

வரைபடம் லண்டனைச் சேர்ந்த பிரவுன், மவுலின் இருவருடையது. அவர்கள் விலகியபின் முடித்துக் கொடுத்தவர் எல்.எம். சிட்டாலே. இந்தப் பெயரை நம் ஊர் இன்னும் அதிகம் சொல்ல வேண்டும். 1959 ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தார். உயரம் 177 அடி. சுண்ணாம்பும் செங்கலுமாகச் சுவரே பாரம் தாங்கிய சென்னைக்கு, கான்கிரீட் தூண்கள் தாங்கும் இத்தனை உயரம் புதிது.

1975 ஜூலையில் பெரும் தீ விபத்து. உயரக் கட்டடத்தில் தீயைவிடப் புகைதான் முதலில் ஆளைக் கொல்லும். சூடான புகை படிக்கட்டு வழியாகவும் லிஃப்ட் குழி வழியாகவும் புகைபோக்கியில் ஏறுவதுபோல் மேலே பாயும். தீத்தடுப்புக் கதவு மூடியிருந்தால் மட்டுமே படிக்கட்டு தப்பும் வழி. காற்று வரட்டும் என்று அதற்கு நாற்காலி முட்டுக் கொடுக்கும் அலுவலகங்கள் இன்றும் இருக்கின்றன. உங்கள் மாடியில் அப்படி இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.