டூமா வீதிச் சுவரை கேமுக்குள் கொண்டுவர

புதுச்சேரியில் கேம் ஆர்ட் படிப்பவர்களுக்கு டூமா வீதியின் மஞ்சள் சுவர்களே நல்ல பாடப்புத்தகம். போட்டோ எடுக்க மேகமூட்டமான நேரம் பார்த்துப் போங்கள். வெயிலில் எடுத்தால் நிழலும் டெக்ஸ்ச்சரில் (மாடல் மேல் போர்த்தும் படத்தில்) ஒட்டிக்கொள்ளும். கேமில் விளக்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த நிழல் நகராது. கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் மஞ்சள் வெளுத்துவிடும்.

4 மீட்டர் சுவருக்கு 2048 பிக்சல் டெக்ஸ்ச்சர் என்றால் மீட்டருக்கு 512 பிக்சல். கதவுக்கும் அதே கணக்குதான், இல்லாவிட்டால் சுவர் கூர்மையாகவும் கதவு மங்கலாகவும் நிற்கும்.

பிளெண்டர் என்ற 3D மென்பொருளில் பேக் செய்த (படமாகப் பதித்த) நார்மல் மேப்பை, அதாவது மேடுபள்ளத்தை நிறங்களால் குறிக்கும் படத்தை, அன்ரியல் கேம் எஞ்சினில் போட்டதும், காரைப் பூச்சு பெயர்ந்த இடம் குழியாகத் தெரியாமல் புடைத்துத் தெரிகிறதா? பாவம், மாடல் மேல் தவறில்லை. மேல்-கீழ் சாய்வைக் குறிக்கும் பச்சை சேனல் பிளெண்டருக்கும் அன்ரியலுக்கும் ஒன்றுக்கொன்று தலைகீழ். அன்ரியலின் டெக்ஸ்ச்சர் செட்டிங்கில் 'ஃபிளிப் கிரீன் சேனல்' டிக் செய்யுங்கள். யூனிட்டி எஞ்சினில் இந்தத் தொல்லை இல்லை.