ஆப்பை அழிப்பதற்கு முன்: லாகின் தகராறில் நாங்கள் பார்க்கும் வரிசை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் சுற்றுவட்டாரத்தில் "ஆப் உள்ள போக மாட்டேங்குது" என்று எங்கள் மேசைக்கு வரும் போன்களில் பெரும்பாலும் ஆப் சரியாகவே இருக்கும். கோளாறு தேதியில் இருக்கும், சிம்மில் இருக்கும், ரீசார்ஜில் இருக்கும், இல்லாவிட்டால் ஓடிபி போய்ச் சேரும் எண்ணில் இருக்கும். ஆனால் இங்கே வருவதற்குள் யாராவது ஆப்பை அழித்து மறுபடி ஏற்றியிருப்பார்கள். அழித்தால் போனுக்குள் இருந்த பதிவும் சேர்ந்து போய்விடும். பேங்க் ஆப் அதைப் புதுப் போனாகவே கருதி முதலிலிருந்து எல்லாம் கேட்கும். அப்போது கார்டும் இல்லை, பழைய எண்ணும் இல்லை என்றால் சின்னத் தகராறு பெரிதாகிவிடும்.

அதனால் முதல் வேலை, திரையில் வந்ததை அப்படியே படிப்பது. பேங்க் ஆப்கள் ஸ்கிரீன்ஷாட் எடுக்க விடாது. வேறு போனில் படம் பிடித்துக்கொள்ளலாம், தாளிலும் எழுதலாம். எண் ஏதாவது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 401 என்றால் பாஸ்வேர்டோ டோக்கனோ (லாகின் நிலைத்திருக்க ஆப் வைத்திருக்கும் அடையாளச் சீட்டு) செல்லுபடியாகவில்லை. 403 என்றால் நீங்கள் யாரென்று தெரிந்தும் அனுமதி மறுக்கிறது. கணக்கு முடக்கம், இணைப்பை வேறு இடம் வழியாகத் திருப்பும் விபிஎன், வெளிநாட்டு இணைப்பு எதுவும் காரணமாகலாம். 429 என்றால் அளவுக்கு மீறி முயன்றாயிற்று, விட்டுவிட்டுப் பிறகு வர வேண்டும். 500, 503 வந்தால் கோளாறு அவர்கள் சர்வரில். உங்கள் போனில் எதையும் தொட வேண்டாம்.

அடுத்து தேதி, நேரம். ஊர்ப்பக்கம் இது அடிக்கடி வரும். விசேஷத்துக்கு ஊருக்கு வரும்போது மட்டும் எடுக்கும் போன், மாதக்கணக்கில் பீரோவில் சார்ஜ் இறங்கிக் கிடந்திருக்கும். போட்டதும் தேதி பழைய வருடத்தைக் காட்டும். சர்வர் உண்மையானது என்று காட்டும் சான்றிதழ் அந்தத் தேதிக்குச் செல்லாது என்று போன் நினைத்துக்கொள்ளும். திரையிலோ "நெட்வொர்க்கைச் சரிபார்க்கவும்" என்றுதான் வரும். வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை. செட்டிங்ஸில் தேதி, நேரத்தைத் தானியங்கியாக வைத்தால் தீர்ந்தது. லாகினுக்கு எண் தரும் ஆதன்டிகேட்டர் ஆப்பின் 6 இலக்க எண் மறுக்கப்படுவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். அந்த எண் 30 விநாடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்துக் கணக்கிடப்படுவது, கடிகாரம் ஓரிரு நிமிடம் தள்ளிப்போனாலே பொருந்தாது.

இனி ஓடிபி. நகரத்தார் வீடுகளின் சுண்ணாம்புச் சுவர்கள் தடிமனானவை. வளவை (நடு முற்றமுள்ள கட்டை) தாண்டி இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டுக்குப் போனால் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும், எஸ்எம்எஸ் சிம் கம்பெனியின் சர்வரிலேயே காத்துக் கிடக்கும். உள்ளே வைஃபை நன்றாக இருப்பதால் ஆப் திறக்கும், ஓடிபி மட்டும் வராது. உடனே "மீண்டும் அனுப்பு" என்று அடுத்தடுத்து அழுத்துகிறோம். ஒவ்வொரு அழுத்தமும் முந்தைய எண்ணைச் செல்லாததாக்கிவிடும். முகப்புக்கு வந்ததும் மொத்தமாகக் கொட்டும் எஸ்எம்எஸ்களில் பழையதைப் போட்டுவிட்டு, "தவறான ஓடிபி" என்று வருவதைப் பார்த்துத் திகைக்கிறோம். முதலில் வாசல் பக்கம் வந்துவிடுங்கள். ஏரோபிளேன் மோடைப் போட்டு 10 விநாடி கழித்து எடுங்கள். பிறகு ஒரே ஒரு முறை அனுப்பச் சொல்லிக் காத்திருங்கள். வீட்டுக்குள்ளேயே வேண்டுமென்றால் வைஃபை காலிங் வசதியைப் போட்டுப் பார்க்கலாம்.

அப்படியும் வராவிட்டால் மூன்று இடம் பார்க்க வேண்டும். மெசேஜ் ஆப்பின் ஸ்பேம் பகுதி ஒன்று. ரீசார்ஜ் காலாவதியா என்பது இன்னொன்று. வேலிடிட்டி முடிந்து சில நாளில் உள்வரும் எஸ்எம்எஸ்ஸும் நிற்கும். மூன்றாவது, சிம்மைப் புதிதாக மாற்றினீர்களா என்பது. தொலைந்த சிம்முக்கு மாற்று சிம் வாங்கினாலும், இ‑சிம்முக்கு மாறினாலும், முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க வைத்த விதி அது. கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பலனில்லை, மறுநாள் தானாக வரும்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு வேறு சிக்கல். பேங்கில் கொடுத்த இந்திய எண் பூட்டிய வீட்டிலோ உறவினர் போனிலோ இருக்கும். 90 நாள் பேச்சு, எஸ்எம்எஸ், டேட்டா எதுவுமில்லாமல் கிடந்தால் அந்த எண்ணைச் சிம் கம்பெனி நிறுத்திவிடலாம். பிறகு அது வேறொருவருக்குப் போகவும் கூடும். பேங்க் ஓடிபி அந்த வேறொருவருக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். விமானம் ஏறுமுன் ரோமிங்கை இயக்கி, ரீசார்ஜை நீட்டித்துவிட்டுப் போவதே நல்லது. யுபிஐ மட்டும் போதும் என்றால், வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்கு வெளிநாட்டு எண்ணிலேயே யுபிஐ பதிய 2023 ஜனவரியில் அனுமதி வந்தது. முதலில் அனுமதித்த 10 நாடுகளில் சிங்கப்பூர் உண்டு. அந்த எண்ணைப் பேங்க் கணக்கிலும் பதிந்திருக்க வேண்டும்.

யுபிஐ ஆப்பில் "சாதனத்தைச் சரிபார்க்க முடியவில்லை" என்று வந்தால் ஓடிபியை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். இங்கே எஸ்எம்எஸ் உங்கள் போனிலிருந்துதான் போகும். அதற்கு எஸ்எம்எஸ் பேலன்ஸ் வேண்டும், பேங்க் எண்ணுள்ள சிம் இந்தப் போனிலேயே இருக்க வேண்டும், ஆப்புக்கு எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இரட்டை சிம் போனில் எஸ்எம்எஸ்ஸுக்கான சிம்மாக அதையே தேர்ந்தெடுத்து, வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் முயன்றால் பெரும்பாலும் நடந்துவிடும். போகும் எஸ்எம்எஸ்ஸில் புரியாத எழுத்துக்கோவை இருக்கும். போனில் யாரோ சொல்லிக்கொடுத்து அப்படியொன்றை நீங்களாக டைப் செய்து அனுப்பவே கூடாது. அனுப்பினால் உங்கள் எண் அவர்கள் போனில் பதிவாகிவிடும்.

பாஸ்வேர்டு பற்றி அதிகமில்லை. கண் படத்தை அழுத்தி எழுத்தைப் பாருங்கள்; கீபோர்டு முதல் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கும், கடைசியில் ஓர் இடைவெளியைச் சேர்த்திருக்கும்.

பென்ஷன்காரர் உயிரோடு இருப்பதற்கான டிஜிட்டல் சான்றான ஜீவன் பிரமாண் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், வயதானவர்கள் இதில்தான் மிகவும் அலைகிறார்கள். அதைக் கொடுக்க மத்திய அரசுப் பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் மாதம், 80 வயது தாண்டியவர்களுக்கு அக்டோபர் 1 முதலே. ஜீவன் பிரமாண் ஆப்போடு முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ்ஆர்டி ஆப்பையும் ஏற்ற வேண்டும். அது பின்னணியில் வேலை செய்வது. ஐகானைத் தேடிக் காணாமல் திரும்பத் திரும்ப ஏற்ற வேண்டாம். முதலில் ஆபரேட்டர் (போனை இயக்கி உதவுபவர்) முகம், பிறகு பென்ஷன்காரர் முகம். மகனோ பேரனோ ஆபரேட்டராக இருக்கலாம்.

முகம் பொருந்தாமல் 300 என்று வந்தால் வெளிச்சத்தைப் பாருங்கள். பட்டாலையில் (முற்றத்தை ஒட்டிய கூடத்தில்) வளவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முற்றத்து வெயில் பின்னாலிருந்து அடிக்கும், முகம் இருண்டுவிடும். "ஆச்சி, முற்றத்தைப் பார்த்து உட்காருங்க, கண்ணாடியைக் கழற்றிக்கங்க" என்று சொல்லி, பின்னால் வெறும் வெள்ளைச் சுவர் வருமாறு நாற்காலியைப் போட்டு, கேமராவைத் துணியால் துடைத்துக் கண் மட்டத்தில் பிடித்தால் பெரும்பாலும் ஏற்கும். நிதானமாக ஒருமுறை கண் சிமிட்டச் சொல்லுங்கள். 330 என்று வந்தால் வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆதாரில் பயோமெட்ரிக் (முகம், கைரேகை போன்ற பதிவு) பூட்டியிருக்கிறது. ஆதார் ஆப்பிலோ ஆதார் இணையதளத்திலோ பூட்டைத் திறந்துவிட்டு வர வேண்டும். அதற்கு ஆதாரில் பதிந்த எண்ணுக்கு ஓடிபி போகும். அந்த எண் போய்விட்டதென்றால் ஆதார் மையத்தில் எண்ணை மாற்றுவதிலிருந்து தொடங்க வேண்டும். சந்தேகத்துக்கு ஆதார் உதவி எண் 1947.

இத்தனையும் பார்த்த பிறகு கேஷை (ஆப் தற்காலிகமாகச் சேர்த்துவைத்த கோப்புகளை) மட்டும் அழியுங்கள், லாகின் போகாது. அடுத்து ஆப்பையும், ஆப்புக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூவையும் அப்டேட் செய்யுங்கள். 2021 மார்ச்சில் வெப்வியூ கோளாறால் பல ஆப்கள் ஒரே நாளில் நின்றுபோனதுண்டு. சில பேங்க் ஆப்கள் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் போட்டிருந்தாலே மறுக்கும், அதையும் அணைத்துப் பாருங்கள். டேட்டாவை அழிப்பதும் ஆப்பை அழிப்பதும் கடைசி. அதற்கு முன் டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கம், காலாவதி மாதம் கையில் இருக்க வேண்டும். கூகுள் கணக்கு என்றால் ஓடிபி கிடைக்காதபோது லாகினுக்கு உதவும் அதன் 10 பேக்கப் எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கஸ்டமர் கேர் எண்ணைத் தேடுதளத்தில் தேடாதீர்கள், கார்டின் பின்புறத்தில் அச்சிட்ட எண்ணைக் கூப்பிடுங்கள். திரையைப் பகிரும் ஆப்பை ஏற்றச் சொன்னால் அந்த நிமிடமே துண்டியுங்கள். பணம் போய்விட்டிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.