அழக்கொண்ட எல்லாம்

பிரெஞ்சு இயக்குநர் மர்செல் பாஞோல் 1951இல் நடிகர் ஃபெர்னாந்தெலை வைத்து இயக்கிய ‘தோபாஸ்’ படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதியபோது நான் மாற்றிய ஒரு வரி இன்னும் உறுத்துகிறது. தவறான வழியில் சேர்த்த பொருள் ஒருநாளும் உதவாது என்னும், நாயகன் தோபாஸின் வகுப்பறை நீதிமொழிக்கு, முதல் வரைவில் ‘அழக்கொண்ட எல்லாம் அழப்போம்’ என்ற குறள் தொடரை வைத்திருந்தேன். மூன்றே சொற்கள், இரண்டு நொடியில் படித்துவிடலாம்.

சரிபார்த்த மூத்தவர் தொலைபேசியில் அழைத்தார். “கடைசியில் தோபாஸ் இதையெல்லாம் பொய் என்கிறாரே, வள்ளுவரையா பொய்யாக்கப் போகிறீர்கள்?”

“அது பாத்திரத்தின் பேச்சுதானே, ஐயா.”

“பார்க்கிறவர்கள் அப்படிப் பிரித்துப் பார்ப்பார்களா?”

மாற்றிவிடுகிறேன் என்றேன். ‘தீய வழியில் வந்த பொருள் நிலைக்காது’ என்று எழுதி அனுப்பினேன்.

செல்வந்தர் வீட்டுப் பையனின் மதிப்பெண்ணைக் கூட்ட மறுத்து வேலையிழக்கும் ஆசிரியர் தோபாஸ். தெருக்கூட்டும் இயந்திரங்களை நகராட்சியின் தலையில் கட்டிப் பணம் பார்க்கும் நகரமன்ற உறுப்பினர் ஒருவருக்கு, விவரம் அறியாமலே பினாமியாகிறார், அறிந்தபின் நடுங்குகிறார், பிறகு அந்த நிறுவனத்தையே தன்னுடையதாக்கிக்கொள்கிறார். இந்த நீதிமொழிகள் எப்போதோ இருந்த உலகுக்குப் பொருந்தியிருக்கலாம், இன்று கூட்டத்தைத் திசைதிருப்பத்தான் பயன்படுகின்றன என்று பழைய சக ஆசிரியரிடம் அவர் சொல்லும்போது, அந்தச் சொற்களை நாமும் சிறுவயதில் மனப்பாடம் செய்திருந்தால்தான் வலிக்கும். 1928இல் நாடகமாக இது மேடையேறியபோது பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பள்ளிப் பாடமே உடைவதைக் கண்டார்கள். பாஞோலும் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தான். யாரும் மனப்பாடம் செய்யாத என் வாக்கியம் உடைந்தால் யாருக்கு என்ன இழப்பு?

ஆனால் மூத்தவர் சொன்னது தவறென்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ‘இழப்பினும் பிற்பயக்கும் நற்பாலவை’ என்று அந்தக் குறள் முடிகிறது. நேர்மையால் வேலையிழந்தவருக்கான பதில் அந்தப் பின்பாதியில்தான் இருக்கிறது. முன்பாதியை மட்டும் வெட்டியெடுத்துத் தோபாஸின் கையில் கொடுத்திருந்தால், அவர் மறுப்பது வள்ளுவர் சொன்னதில் பாதியைத்தான். இந்தக் காரணம் அன்று தோன்றியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். இது தோன்றியது சில வாரங்கள் கழித்து. அன்று அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்பதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

திரையிடலில் கடைசிக் காட்சிக்கு அரங்கமே சிரித்தது. நான் மட்டும் அந்த மூன்று சொற்களைத் திரையின் அடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.