தெலாகா நாட்குறிப்பு: பழி பம்பின் மேல்

பிப்ரவரி 5, 2024, திங்கள்

லங்காவி, தெலாகா துறை. 38 அடி பாய்மரப் படகு. ஆஸ்திரேலியக் கணவன் மனைவி, இருவருக்கும் அறுபதுக்கு மேல் இருக்கும். இங்கிருந்து புக்கெட் போக வேண்டும். புகார் இரண்டு. ராத்திரி எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போதே நல்ல தண்ணீர் பம்பு விட்டு விட்டு ஓடுகிறது. பகலில் ஷவரைத் திறந்தால் முதலில் நன்றாக வந்து, தலையில் சோப்புப் போட்ட நேரம் பார்த்து நூலாக இளைத்துவிடுகிறது. வரும் வழியில் பினாங்கில் புதுப் பம்பு வாங்கி மாட்டிவிட்டார்கள். இரண்டு புகாரும் அப்படியே இருக்கின்றன.

எந்தப் படகிலும் முதலில் மாற்றப்படுவது பம்புதான். சத்தம் போடுவது அது ஒன்றுதானே, பழியும் அதன் மேலேயே விழுகிறது. இது சாதாரண 12 வோல்ட் டயாஃப்ரம் பம்பு. குழாயில் அழுத்தம் 25 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கினால் ஓடும், 40க்கு ஏறினால் தானே நிற்கும். யாரும் குழாயைத் திறக்காதபோது ஓடுகிறது என்றால் தண்ணீர் எங்கோ போகிறது. ஒன்று வெளியே கசிய வேண்டும், இல்லை பம்பின் உள்வால்வு வழியாக டேங்குக்கே திரும்ப வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

தரைப்பலகையைத் தூக்கினால் பில்ஜில், அதாவது படகின் அடிக்குழியில், ஒரு வாளி அளவுக்குத் தண்ணீர். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பில்லை.

"மாமா, அதுல டீசல் இருக்குமே!" என்று அக்கா மகன் முகம் சுளித்தான்.

"இருக்கும். துப்பிட வேண்டியதுதான்."

கடல் தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும் அந்த அம்மா முகத்தில் பாதிக் கவலை போய்விட்டது. பில்ஜைத் துடைத்துக் காயவைத்து, கைக்கு எட்டிய ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்துவிட்டு வந்தோம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

முகம் கழுவும் தொட்டிக்குக் கீழே வைத்த பேப்பர் ஈரம். அழுத்திச் செருகும் இணைப்பு அது. பைப்பை யாரோ ஹாக்சா பிளேடால் கோணலாக அறுத்துச் செருகியிருக்கிறார்கள். அறுத்த முனையின் பிசிறு ஓ-ரிங்கைக் கீறிவிட்டது. பைப் கட்டரால் நேராக வெட்டி, முனையை வழவழப்பாக்கி, புது ஓ-ரிங் போட்டுச் செருகினேன். கசிவு நின்றது. ஆனால் அது சொட்டிய வேகத்துக்கு ஒரு வாளி சேராது.

பம்புக்கு அடுத்து வழியை அடைக்க ஒரு பால் வால்வு (பந்து வால்வு) வைத்திருந்தால் பாதி வேலை மிச்சம். இந்தப் படகில் இல்லை, நானே ஒன்று போட்டேன். அதை மூடிவிட்டுக் காத்திருந்தோம். பம்பு வாயைத் திறக்கவில்லை. ஆக, பம்பு யோக்கியம், போக்கு அதைத் தாண்டித்தான். வால்வைத் திறந்து, வெந்நீர் ஹீட்டருக்குப் போகும் குளிர்நீர் வழியை மட்டும் அடைத்தேன். அப்போதும் அமைதி. திறந்துவிட்டால் சிறிது நேரத்தில் ஒரு குறுகிய 'டர்ர்', தூக்கத்தில் இருமுவதுபோல.

ஹீட்டரின் பின்புறம் கையை விட்டால் ரிலீஃப் வால்வு, அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து தண்ணீரை வெளியே விடுவது. அதன் ஓஸ் வளைந்து நேராகப் பில்ஜின் இருட்டுக்குள் இறங்குகிறது. ஒழுகினாலும் யார் கண்ணிலும் படாது. நுனியை வெளியே இழுத்துக் கோப்பையில் விட்டேன். சொட்டு, இடைவெளி, சொட்டு. கழற்றிப் பார்த்ததில் வால்வு உட்காரும் ரப்பரில் வெள்ளையாகச் சுண்ணாம்புத் துணுக்கு பதிந்திருந்தது. நகத்தால் சுரண்டினால் ரப்பரில் பள்ளம்.

பிப்ரவரி 7, புதன்

சீனப் புத்தாண்டு சனிக்கிழமை. அதற்குள் கடை அடைத்துவிடுவார்கள் என்று காலையிலேயே குவா நகருக்கு ஓடினேன். அதே 75 பிஎஸ்ஐ ரிலீஃப் வால்வு கிடைத்தது. கூடவே, சூட்டில் பெருகும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் 2 லிட்டர் விரிவுத் தொட்டி ஒன்றும் வாங்கினேன்.

தொட்டி எதற்கு என்று கணவர் கேட்டார். வால்வை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் இதே கதை திரும்பும். இந்த ஹீட்டர் 20 லிட்டர். எஞ்சின் ஓடும்போது அதைக் குளிர்விக்கும் கூலன்ட் சூடாகி ஹீட்டருக்குள் சுற்றி வருகிறது. தண்ணீர் 28 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால் சுமார் அரை லிட்டர் பெருகும். வெந்நீர் குளிர்நீர்க் குழாய்க்குத் திரும்பாமலிருக்க ஹீட்டர் வாசலில் செக் வால்வு இருக்கிறது. அந்தப் பக்கம் வழி இல்லை. வெந்நீர்க் குழாயும் மூடியிருக்கிறது. அந்த அரை லிட்டர் எங்கே போகும்? ரிலீஃப் வால்வைத் தள்ளித் திறந்துகொண்டு பில்ஜுக்குப் போகும். எஞ்சின் போடும்போதெல்லாம் திறந்து திறந்து, ஒருநாள் ஒரு துணுக்கு இடையில் மாட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு சாதாரண அழுத்தத்திலேயே ஒழுக்கு.

படகில் அக்யூமுலேட்டர் (காற்று அடைத்த அழுத்தத் தொட்டி) ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. பம்பை ஒட்டி, அதாவது செக் வால்வுக்கு இந்தப் பக்கம். பம்பு படபடக்காமல் ஓட அது உதவும், வெந்நீர் விரிவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. யார் போட்டார்களோ, நல்ல எண்ணத்தில்தான் போட்டிருப்பார்கள்.

தொட்டியை மாட்டுவதற்கு முன் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்து எஞ்சினை ஓட்டிக் காட்டினேன். 40ல் இருந்த முள் ஏறி 70ஐத் தாண்டியது, நிறுத்திவிட்டேன். அப்புறம் செக் வால்வுக்கும் ஹீட்டருக்கும் நடுவே புதுத் தொட்டியை மாட்டினேன். மாட்டுவதற்கு முன்பே, தண்ணீர் ஏறாத நிலையில், சைக்கிள் பம்பால் 40 பிஎஸ்ஐ காற்று அடைத்துக்கொண்டேன். பம்பு நிற்கும் அழுத்தமும் அதுவே. மறுபடி எஞ்சின். முள் 60ஐத் தொடாமல் நின்றது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பிப்ரவரி 8, வியாழன்

ராத்திரி பம்பு ஒருமுறைகூட ஓடவில்லையாம். சரி, ஷவர்.

ஓடும்போது பம்பின் முனையில் 12.3 வோல்ட், வயரில் குறையில்லை. வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் குமிழி இல்லை, உறிஞ்சும் பக்கம் காற்று புகவில்லை. ஷவரைத் திறந்துவிட்டு, தண்ணீர் இளைக்கிற நேரத்தில் அக்கா மகனை மேலே அனுப்பித் தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொன்னேன். திறந்த நொடியில் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே இழுத்தது, ஷவர் பழையபடி கொட்டியது.

டேங்கின் காற்றுக்குழாய் அடைப்பு. தண்ணீர் போகிற இடத்துக்குக் காற்று வராவிட்டால் எந்தப் பம்பானாலும் திணறும். டேங்க் நிரப்பும்போது தண்ணீர் குபுக்கென்று எதிர்த்து வருமா என்று கேட்டேன். வெகுநாளாகவே அப்படித்தான் என்றார் அந்த அம்மா. வெளிச்சுவரில் விரல் நுழையாத ஓட்டை. கம்பியை விட்டால் மண்! குளவிக் கூடு, அறை அறையாக, உள்ளே காய்ந்த சிலந்திகளோடு. பையன் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு போய்ப் பக்கத்துப் படகுக்காரருக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தான். ஓஸைக் கழற்றிக் கழுவி, வாயில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் வலை கட்டினோம். ஓஸ் கிளிப் இரண்டு துருவேறியிருந்தன. காந்தம் ஒட்டியது, அப்படியென்றால் மட்ட ரகம். தூக்கிப் போட்டுவிட்டு, துருவை நன்றாகத் தாங்கும் 316 ஸ்டெயின்லெஸ் ரகம் போட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

குளவி மண் கொஞ்சம் டேங்குக்குள்ளும் விழுந்திருக்கும், அதனால் குளோரின். 200 லிட்டர் டேங்க். வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் லிட்டருக்கு 1 மில்லி, ஆக 200 மில்லி. அது 50 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு. வாளித் தண்ணீரில் கலக்கி ஊற்றி, டேங்கை நிரப்பி, ஒவ்வொரு குழாயிலும் வாடை வரும் வரை திறந்துவிட்டோம், வெந்நீர்க் குழாய் உட்பட. குடிநீர் வடிகட்டியின் கார்பனை முன்பே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் குளோரினை அதுவே தின்றுவிடும். நாலு மணி நேரம் போதும். டேங்க் ஸ்டெயின்லெஸ், ராத்திரி முழுக்க விட்டால் அரிக்கும். காலி செய்து, வாடை போகிற வரை கழுவி ஊற்றினோம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

இடையில் ஒருநாள் எஞ்சின் போட்டுக் கடலுக்குள் ஒரு சுற்று போய்வந்தார்களாம். பில்ஜ் காய்ந்து கிடக்கிறது. பழைய பம்பை வாளியில் வைத்து ஓட்டினேன். 40ல் ஒழுங்காக நிற்கிறது. துடைத்து எண்ணெய்த் துணியில் சுற்றி ஸ்பேர் பெட்டியில் வைக்கச் சொன்னேன். அவர் சிரித்தார், அந்த அம்மா சிரிக்கவில்லை. பினாங்கில் விலை கொடுத்தது அந்த அம்மா கையால் போலிருக்கிறது.

சமையலறையில் காலால் மிதிக்கும் பம்பு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், கரண்ட் போனாலும் தண்ணீர் வரும், பாத்திரம் கழுவ இத்தனை தண்ணீர் செலவாகாது என்றேன். அந்த அம்மா உடனே சரி என்றார். அளவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். புறப்பாடு வெள்ளிக்கு மாறியிருக்கிறது.