வந்து பாருங்கள், டாக்டர்

"பாட்டி கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கிறார், டாக்டர்." இரவு ஒன்றரை மணிக்கு நான் போனில் சொன்னது இவ்வளவுதான். "பார்த்துக்கொள்ளுங்கள், காலையில் வருகிறேன்" என்றார். சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியில் போனை வைத்தேன்.

வேலூரை அடுத்த காட்பாடிப் பக்கம் ஒரு சிறிய தனியார் மருத்துவமனை. அன்று இரவு டூட்டி நர்ஸ் நான்; பாட்டி என் வார்டு நோயாளி. பாட்டிக்கு அன்று பிற்பகல்தான் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். நாடித்துடிப்பு 88-இல் இருந்து 104, பிறகு 122. மூன்று மணி நேரத்தில் சிறுநீர்ப் பையில் இறங்கியது வெறும் 40 மில்லி. அத்தனையும் என் கையெழுத்தில் சார்ட்டில் இருந்தன. என் வாயில்தான் வரவில்லை. சற்று நேரத்தில் மாடி வார்டிலிருந்து வந்த சீனியர் அக்கா சார்ட்டைப் பார்த்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்து எண்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, "உள்ளே ரத்தம் கசிகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்" என்றார். பத்தே நிமிடத்தில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். பாட்டி மறுபடி தியேட்டருக்குப் போனார், பிழைத்தார்.

டாக்டரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'ஒரு மாதிரி' என்பதைக் கேட்டு யார் எழுந்து வருவார்?

சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-லேயே செவிலியர் பள்ளி தொடங்கிய ஊர் வேலூர். ஆனாலும் டாக்டரிடம் 'இதைச் செய்யுங்கள்' என்பது அதிகப்பிரசங்கித்தனம் என்றுதான் என் தலைமுறை நினைத்தது. நிலவரம், பின்னணி, என் கணிப்பு, எனக்கு என்ன வேண்டும் என்று நான்காகப் பிரித்துச் சொல்லும் 'எஸ்பார்' முறை, அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்தது. அக்கா அதைப் படித்திருக்க மாட்டார். முதல் மூன்றையும் எப்படியோ சொல்லிவிடுகிறோம். நான்காவதுதான் தொண்டையில் நிற்கிறது.

நோயாளிகளிடம் பேசுவது வேறு கதை. குடியாத்தத்து நெசவாளர் ஒருவரிடம், "காலையில் ஆபரேஷன், ஒன்றும் சாப்பிடக் கூடாது" என்று சொல்லியிருந்தேன். விடிந்ததும் பால் விட்ட டீ குடித்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். "டீதானே குடித்தேன், சிஸ்டர்? சாப்பிடவில்லையே!" அவர் தமிழில் பிழையில்லை. ஆபரேஷன் தள்ளிப்போனது. அன்றிலிருந்து தண்ணீர், டீ, வெற்றிலை என்று பெயர் சொல்லித்தான் தடுக்கிறேன். அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவும் வைக்கிறேன்.

பொறுப்பு சிஸ்டர் ஆனபோது, மேஜையில் உட்கார்ந்து டூட்டி ஒப்படைப்பதை நிறுத்தி, கட்டிலருகே நின்று ஒப்படைக்கச் சொன்னேன். மாற்றம் என்பது பழைய வழக்கத்தை உருக்கி, நகர்த்தி, மறுபடி உறைய வைப்பது என்று 1947-இல் உளவியலாளர் குர்ட் லெவின் எழுதியதைப் பயிற்சியில் படித்திருந்தேன்; பனிக்கட்டியை உருக்கி வேறு வடிவில் வார்ப்பது போல என்று அதை விளக்குவார்கள். வேலூர் வெயிலில் பனிக்கட்டி தானே உருகும். முப்பது வருட சர்வீஸ் உருகுமா? "மேஜையில் சொன்னதால் என்ன குறைந்துவிட்டது?" என்றார் மூத்த சிஸ்டர். அவருடைய உண்மையான குறை பஸ் என்பது தெரிய எனக்கு இரண்டு வாரம் ஆனது. ஒப்படைப்பு நீண்டால் ஆற்காடு பஸ் போய்விடும். அடுத்ததில் போனால் பேரனை ஸ்கூல் வேனில் ஏற்ற ஆள் இல்லை.

எல்லாக் கட்டில்களும் வேண்டாம், ஆபரேஷன் முடிந்த ஆறு கட்டில்கள் மட்டும் போதும் என்று குறைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள், போர்வையை விலக்கியபோது டிரிப் ஏறும் கை புறங்கை வரை வீங்கியிருந்ததை அவரே கண்டுபிடித்தார். மறுநாள் எனக்கு முன்பே கட்டிலருகே நின்றார்.

சென்ற மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நள்ளிரவில் போன் செய்து, எண்களைச் சொல்லி, குரல் நடுங்க, "வந்து பாருங்கள், டாக்டர்" என்றாள். வந்தார். வெறும் வாயுத் தொல்லை. முணுமுணுத்தபடியே படியிறங்கினார். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்கில் இருந்த டீயை அவளுக்கும் ஊற்றினேன்.